மருந்துக்குக் கேட்காத கிருமிக்கு என்ன பெயர் வைப்பது?

நுண்ணுயிரியல் ஆசிரியை, காரைக்குடி:

நம் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு இரண்டு சொல் வேண்டும். நவம்பர் 18 முதல் 24 வரை உலக ஏஎம்ஆர் (ஆன்டிமைக்ரோபியல் ரெசிஸ்டன்ஸ்) விழிப்புணர்வு வாரம். அந்த வாரத்தில் காரைக்குடி, பள்ளத்தூர், புதுவயல் மூன்று ஊரிலும் சாயங்காலம் ஊர்மக்களோடு உட்கார்ந்து பேசலாம் என்று நானும் உடன் வேலை பார்க்கிற சிலரும் ஏற்பாடு செய்திருக்கிறோம். மேடை, பொன்னாடை எதுவும் கிடையாது. மக்கள் கேட்பார்கள், தெரிந்ததைச் சொல்வோம். அதற்கான துண்டறிக்கை தலைப்பிலேயே நிற்கிறது.

முதல் சொல், கிருமிகள் ஆன்டிபயாட்டிக் மருந்தையும் தாண்டிப் பிழைத்துக்கொள்ளும் நிலைக்கு. 'நுண்ணுயிர் எதிர்ப்பு', 'நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்' என்று நாளிதழ்களில் எழுதுகிறார்கள். மருந்துக்குப் பெயர் 'நுண்ணுயிர் எதிர்ப்பி'. அப்படியானால் நமக்கு வேண்டியது 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு' என்று ஆகிறது! பள்ளிப் பாடநூலில் அதே மருந்து 'உயிர் எதிர்ப்பொருள்'. ரத்தத்தில் உண்டாகும் ஆன்டிபாடிக்கோ 'எதிர்ப்பொருள்'. கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தி என்றாலே எல்லார் வீட்டிலும் அது நல்ல விஷயம். வகுப்பில் ஒரு மாணவி, "எதிர்ப்புத் திறன் கூடினா நல்லதுதானே மிஸ், அதுக்கு எதுக்கு விழிப்புணர்வு வாரம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்.

இந்தக் குழப்பம் தமிழில் மட்டும் இல்லை. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 12 நாடுகளில் கேட்டுப் பார்த்தது. மனித உடம்புதான் மருந்துக்குப் பழகி மாறிவிடுகிறது என்று நூற்றுக்கு 76 பேர் நினைத்திருந்தார்கள். அடிக்கடி மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து என்று 44 பேர். உண்மையில் மாறுவது கிருமி. மாறிய கிருமி ஆன்டிபயாட்டிக்கே தொடாதவரையும் தொற்றும், அவருக்கும் அந்த மருந்து வேலை செய்யாது. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே என் நிபந்தனை ஒன்றே ஒன்று. சொல்லைக் கேட்டதும், மாறியது கிருமி என்று தெரிய வேண்டும்.

இரண்டாவது சொல், சிந்தெடிக் பயாலஜிக்கு, அதாவது உயிரணுவின் மரபணுவை மனிதர் புதிதாக எழுதி அமைக்கும் துறைக்கு. 'செயற்கை உயிரியல்' என்று போட்டுவிடலாமா? இதை ஏன் அதே கூட்டத்தில் பேசுகிறோம் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை:

அன்புள்ள அம்மா,

உங்கள் மாணவியின் கேள்வி தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்பதை எப்படி விரிப்பது? நுண்ணுயிரை எதிர்ப்பதா, நுண்ணுயிர் எதிர்ப்பதா? வேற்றுமை மயங்கியலில் இதுபோன்றதற்குத் தடுமாறு தொழிற்பெயர் என்று பெயர். உரையாசிரியர்கள் காட்டுவது 'புலி கொல் யானை'. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். யானை செத்துக் கிடந்தால் எதிரே நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். துண்டறிக்கை படிப்பவனுக்கு எது செத்தது, எது பிழைத்தது என்று எப்படித் தெரியும்? ஆகவே 'எதிர்ப்பு' இனி வேண்டாம்.

'கிருமி' வடசொல். 2020-இல் ஒரு நாளிதழ் கொரோனா வைரஸைத் 'தீநுண்மி' என்று விடாமல் எழுதியதால் அந்தச் சொல் மக்கள் கண்ணில் பட்டது. 'நுண்மி' என்றே நாமும் எழுதலாம். நிலைக்கு என் பரிந்துரை 'மருந்துமுரண்'. முரண் என்பதற்குப் பழைய இலக்கியத்தில் மாறுபாடு, பகை, வலிமை மூன்றும் பொருள். நுண்மி மருந்தோடு மாறுபடுகிறது, பகைக்கிறது, வலிமை பெறுகிறது. கிளைச்சொற்களும் தடையின்றி வரும்: முரண்நுண்மி, முரண்மரபணு, பன்மருந்துமுரண்.

புரியாது என்று யாராவது எழுதுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். நம் மகிபாலன்பட்டியில் பிறந்த பண்டிதமணி கதிரேசனார் 'மிருச்சகடிகம்' என்ற வடமொழி நாடகத்துக்கு 'மண்ணியல் சிறுதேர்' என்று பெயர் வைத்தார். ஒலிபெயர்த்துவிட்டுப் போக அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இன்று அந்தத் தலைப்பை யாரும் கடுமையான தமிழ் என்று சொல்வதில்லை.

—

மருந்துக்கடை வைத்திருப்பவர், பள்ளத்தூர்:

டீச்சருக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் வணக்கம்.

கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு அட்டைத் துண்டை மேசையில் வைத்தார்கள். கத்தரியால் வெட்டிய அட்டை. இரண்டு மாத்திரை மிச்சம். பெயர் அச்சடித்த பக்கம் வெட்டில் போய்விட்டது. ஓரத்தில் சிவப்புக் கோடு மட்டும் தெரிகிறது. பேரனுக்குக் காய்ச்சல். "போன தடவை இதுக்குக் கேட்டுச்சப்பா. இந்தத் தடவை கேக்கமாட்டேங்குது. இதைவிடப் பவரா ஒண்ணு குடு" என்றார்கள். பிள்ளையை டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். அவர்களுக்குக் கோபம். வேறு கடையில் வாங்கியிருப்பார்கள்.

2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய எச்1 அட்டவணை மருந்தைக் கொடுத்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் என்று ஒவ்வொரு நாளும் விளக்குகிறேன். முரண் என்று சொன்னால், மாத்திரையில் ஏதோ முறைகேடு என்று நினைப்பார்கள் ஐயா.

சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'மருந்துக்குக் கேட்காத கிருமி.' சொல்லைக் கேட்காத பிள்ளை என்கிற மாதிரி. குறும்பு மருந்திடமும் இல்லை, உடம்பிடமும் இல்லை. டீச்சர் போட்ட நிபந்தனைக்குப் பொருந்துகிறதா இல்லையா?

—

ஓய்வுபெற்ற மின்வேதியியல் ஆய்வாளர், காரைக்குடி:

இயற்பியலில் 'ரெசிஸ்டன்ஸ்' என்ற இதே ஆங்கிலச் சொல்லுக்கு 'தடை' என்று எப்போதோ முடிவாகிவிட்டது. மின்தடை, மின்தடையம். ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்றால் அறிவியல் முழுக்கச் சீராக இருக்கும். 'மருந்துத்தடை' என்று வைக்கலாமே.

—

மருந்துக்கடை வைத்திருப்பவர், பள்ளத்தூர்:

ஐயா, மின்தடை என்றால் எங்களுக்குக் கரண்டு கட். 'நாளை மின்தடை' என்று பேப்பரில் போடுகிறார்களே. மருந்துத்தடை என்றால் அரசாங்கம் அந்த மருந்தையே தடை செய்துவிட்டது என்றுதான் படும். 2019-இல் கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலக்கக் கூடாது என்று வந்ததே, அதுதான் எங்கள் தொழிலில் தடை.

—

சிறப்புக் கல்வி ஆசிரியை, திருப்பத்தூர்:

அண்ணன் சொன்ன 'கேட்காத' இயல்பாக இருக்கிறது. ஆனால் இங்கே கலைச்சொல் பட்டியலில் ஏறும்போது அது 'கேளா', 'கேளாமை' என்று சுருங்கிவிடும். என் பிள்ளைகள் படிப்பது காது கேளாதோர் பள்ளியில். 'கேளாக் கிருமி ஒழிப்பு' என்று நாளை ஒரு சுவரொட்டி வந்தால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்தப் பாதிச் சொல்தான். அவர்கள் உலகம் முழுக்க எழுத்தும் கையசைவும்தான். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை:

திருப்பத்தூர் அம்மையார் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். 'கேள்' பற்றிச் சிறிது எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள் என்பது வினையாக வந்தால் செவியால் கேட்டல், வினாவுதல், வேண்டுதல், சொன்னபடி நடத்தல். பெயராக வந்தால் உறவு, நட்பு. கேளிர், கேண்மை எல்லாம் அதன் வழி. 'யாவரும் கேளிர்' என்ற கணியனின் பூங்குன்றமும் அதே மகிபாலன்பட்டிதான், நம் திருப்பத்தூர் வட்டாரத்து ஊர். கேளார் என்றால் உறவு அல்லாதார், பகைவர். சொல்லுக்கு இசைபவன் உறவு, இசையாதவன் பகை என்று இரண்டு பொருளும் ஓரிடத்தில் பிரிந்திருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். குறளில் 643-ஆம் பாட்டின் 'கேளாரும்' என்பதற்குக் கேளாதவர், பகைவர் என இருவகையாகவும் உரை உண்டு. அந்த வகையில் பள்ளத்தூர்த் தம்பி சொன்ன சொல்லில் பகையும் இருக்கிறது. முரணுக்கு அவர் வெகுதூரத்தில் இல்லை.

ஆனால் ஒரு தொல்லை. அதைத் தொகையாக்கினால் 'மருந்துகேளாமை'. மருந்துக்குக் கேளாமையா, மருந்தைக் கேளாமையா? 'மருந்து கேட்காத நோயாளி' என்றால், மருந்து வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர். புலி கொல் யானை திரும்ப வந்துவிட்டது. அந்தக் 'கு' உருபை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. விடாமல் வைத்தால் அது சொற்றொடர், கலைச்சொல் ஆகாது. மருந்துமுரணுக்கு இந்த இடர் இல்லை.

—

நுண்ணுயிரியல் ஆசிரியை, காரைக்குடி:

எல்லோருக்கும் நன்றி. பள்ளத்தூர் அண்ணனின் சொல் எனக்கும் பிடித்திருந்தது, இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன். ஒரு இடத்தில் அது சறுக்குகிறது. அந்த ஆச்சியின் பேரனுக்கு வந்தது வைரஸ் காய்ச்சலாக இருந்தால், ஆன்டிபயாட்டிக்குக்கு அது எந்தக் காலத்திலும் கேட்காது. போன தடவை கேட்டதுபோலத் தெரிந்ததுகூட காய்ச்சல் தானாக இறங்கியதால் இருக்கலாம். முதலிலிருந்தே சம்பந்தமில்லாத மருந்துக்கும், முன்பு வேலை செய்து இப்போது செய்யாத மருந்துக்கும் நம் மக்கள் பேச்சில் ஒரே 'கேக்கலை'தான். கூட்டத்தில் நான் பிரித்துக் காட்ட வேண்டியதே இந்த இரண்டையும்தான்.

கிருமி என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். சில பாக்டீரியா பெனிசிலின் வகை மருந்தின் வளையத்தை நொதியால் உடைத்துவிடும். சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். சில, மருந்து போய் ஒட்டுகிற இடத்தையே மாற்றிக்கொள்ளும். இந்த வித்தைக்கான மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால், ஒரு இனத்துப் பாக்டீரியா வேறு இனத்துக்கும் அதைக் கைமாற்றிவிடும். குடலிலும் சாக்கடையிலும் நடப்பது அதுதான். இங்கே உடைப்பதும் உண்டு, தப்பிப்பதும் உண்டு. 'முரண்', 'எதிர்ப்பு' இரண்டுமே நேருக்கு நேர் நிற்பதை மட்டும் சொல்கின்றன. 'கட்டுப்படாத' என்றால் எல்லா வழியும் அடங்கும். காய்ச்சல் மருந்துக்குக் கட்டுப்பட்டது, கட்டுப்படவில்லை என்று வீட்டிலும் சொல்கிறோம், டாக்டர்களும் சொல்கிறார்கள். 'மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி.' காது சம்பந்தமும் இல்லை, உருபும் விடுபடவில்லை.

சொல் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் உரையில், அந்த மருந்தை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கும் காலம் வரலாம், அப்போது குறைந்த அளவில் சாப்பிட்டுக் கிருமியை மருந்துக்குத் தப்பப் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார். அவர் கிருமியைத்தான் சுட்டினார். நடுவில் எங்கோ அது 'உடம்புக்குப் பழகிப் போச்சு' என்று மாறிவிட்டது. பெயரால் வந்த இன்னொரு கேடு என்டிஎம்-1. 2008-இல் சுவீடனில் ஒரு நோயாளியிடம் கண்டுபிடித்த நொதிக்குப் புதுதில்லியின் பெயரை வைத்தார்கள். 2010-இல் சென்னை, அரியானா மாதிரிகளும் அடங்கிய ஆய்வு வந்தபோது, நம் நாட்டில் பெயரைப் பற்றித்தான் பெரும் சண்டை நடந்தது. மருந்தைக் கட்டுப்பாடில்லாமல் விற்பது பற்றிய பேச்சு பின்னால் போனது. 2012-இல் மருத்துவர்கள் சென்னையில் கூடி, நடைமுறைக்கு என்ன செய்வது என்று பேசி, சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டார்கள்.

இனி இரண்டாவது சொல். இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைப்பது ஏன் என்றால், ஒன்றுக்கு மருந்து மற்றொன்றிலிருந்து வரலாம், ஆபத்தும் வரலாம். இங்கிலாந்தில் எந்த ஆன்டிபயாட்டிக்கும் பலிக்காத தொற்றோடு இருந்த 15 வயதுப் பெண்ணுக்கு, பாக்டீரியாவைத் தின்னும் மூன்று ஃபேஜ் வைரஸ்களைச் செலுத்தினார்கள். அதில் இரண்டு மரபணு மாற்றியவை. 2019-இல் வெளியான செய்தி. அவள் உடல்நிலை அப்போது முன்னேறியது. அதே சமயம், ஆய்வகத்தில் புது மரபணு உள்ளே போன செல்லை அடையாளம் காண, மருந்துக்குத் தப்பும் மரபணுவையே கூடச் சேர்த்து வைக்கும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் இதைக் கேட்க மாட்டார்களா? கேட்க வேண்டும்.

—

ஆய்வு மாணவர், காரைக்குடி:

மேடம், 'செயற்கை உயிரியல்' வேண்டாம் என்பது என் கருத்து. செயற்கை என்றால் போலி என்ற தொனி வந்துவிடுகிறது. 2010 மே மாதம் அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் குழுவினர் பத்து லட்சத்துக்கு மேல் டிஎன்ஏ எழுத்துள்ள ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியை வேதிமுறையில் உண்டாக்கி, வேறொரு செல்லுக்குள் வைத்தார்கள். அது பெருகியது. 'செயற்கை உயிர்' என்று உலகமெங்கும் தலைப்பு வந்தது. ஆனால் செல் ஏற்கெனவே இருந்தது, வரிசையும் இயற்கையில் இருந்ததைப் பார்த்து எழுதியதுதான். அந்தச் சொல் தகுதிக்கு மீறின பெருமையையும் கொடுத்தது, தேவையில்லாத பயத்தையும் கொடுத்தது. இந்தத் துறையில் நாங்கள் செய்வது பாகங்களைத் தொகுப்பது. 'தொகுப்புயிரியல்' என்று வைப்போம். இலங்கையில் ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்றுதானே எழுதுகிறார்கள்.

—

இயற்கை விவசாயி, கண்டனூர்:

தம்பி, பயம் தேவையா இல்லையா என்பதை நாங்கள் முடிவு செய்வோம். அதைப் பெயரே முடிவு செய்துவிடக் கூடாது. தொகுப்பு என்றால் வீட்டு நினைவுக்கு வருவது கவிதைத் தொகுப்பும் காப்பீட்டுத் தொகுப்பும். எந்தக் கேள்வியும் எழாது. மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காய் வந்தபோது 2010 ஜனவரி, பிப்ரவரியில் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. டீச்சர் சொன்னாரே, அந்த அடையாள மரபணு பிடி கத்தரியிலும் இருந்தது. 'மரபணு மாற்றம்' என்ற சொல் நெற்றியிலேயே எழுதியிருந்ததால்தான் சாதாரண ஆட்கள் எழுந்து கேட்டார்கள், பிப்ரவரி 9 அன்று நிறுத்தியும் வைத்தார்கள். மனிதன் செய்தது என்பது பெயரில் தெரிய வேண்டும். செயற்கை என்றே இருக்கட்டும்.

—

ஆய்வு மாணவர், காரைக்குடி:

ஐயா, மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினுக்கு மூலப்பொருளை ஈஸ்ட்டில் உண்டாக்கினதும் இதே துறைதான். அதைச் 'செயற்கை' என்று கேட்டுவிட்டு ஒரு தாய் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கினால்? பெயர் பாதுகாப்பையும் சொல்லக்கூடாது, ஆபத்தையும் சொல்லக்கூடாது. நடுவில் நிற்க வேண்டும்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை:

செயற்கை என்பது போலியைக் குறிக்கத் தொடங்கியது பிற்காலத்தில். செய்யப்பட்டது செயற்கை, தானே இயன்றது இயற்கை. அதில் இழிவு எங்கே? ஆயினும் வழக்கு வழுக்கிவிட்டது உண்மை. 'இயற்று' என்ற வினை இருக்கிறது. நூல் இயற்றுகிறோம், சட்டம் இயற்றுகிறோம். மரபணுவை எழுத்தாகக் கொண்டு உயிரை எழுதுவதால் 'இயற்றுயிரியல்'. செய்தவன் உண்டு என்பதும் தெரிகிறது, போலி என்ற வாடையும் இல்லை.

—

இயற்கை விவசாயி, கண்டனூர்:

நல்ல தமிழ்தான் ஐயா. கூட்டத்தில் காதில் விழும்போது 'இயற்கை உயிரியல்' என்றுதான் விழும். நான் செய்வது இயற்கை விவசாயம். இரண்டுக்கும் நடுவே ஒரே எழுத்து.

—

நுண்ணுயிரியல் ஆசிரியை, காரைக்குடி:

அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், இனி தள்ளிப்போட முடியாது. தலைப்பு: 'மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள்: மாறுவது நம் உடம்பு அல்ல'. உள்ளே ஆன்டிபயாட்டிக் என்றே எழுதுகிறேன், அருகில் நுண்ணுயிர்க்கொல்லி. வைரஸ் காய்ச்சலுக்கு அது ஏன் உதவாது என்று ஒரு பத்தி, வெட்டிய அட்டையும் மிச்ச மாத்திரையும் பற்றி ஒரு பத்தி. பள்ளத்தூர் அண்ணன் அனுமதித்தால் அந்த ஆச்சி சொன்னதையும் பெயரில்லாமல் சேர்ப்பேன்.

இரண்டாவது சொல்லில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள். துண்டறிக்கையில் துறையின் பெயரை முன்னால் வைக்காமல், 'உயிரணுவின் மரபணுவை மனிதர் புதிதாக எழுதலாமா? யார் அனுமதிப்பது, தவறினால் யார் பொறுப்பு?' என்று கேள்வியாகவே போடுகிறேன். கீழே செயற்கை உயிரியல் என்று இருக்கும். தொகுப்புயிரியல், இயற்றுயிரியல் இரண்டையும் கூட்டத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேவகோட்டை:

துண்டறிக்கைக்குச் சரி. ஆனால் 'கட்டுப்படாத' என்பதிலிருந்து கட்டுப்படா மரபணு, பன்மருந்துக்குக் கட்டுப்படாமை என்று இழுத்துக்கொண்டு போனால் ஆய்வேடு எழுதும் பிள்ளை ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுவான். குழுவின் சொற்பட்டியலில் மருந்துமுரண் தனிப் பதிவாகவே இருக்க வேண்டும், அடைப்புக்குறிக்குள் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

—

மருந்துக்கடை வைத்திருப்பவர், பள்ளத்தூர்:

ஆச்சி சொன்னதைத் தாராளமாகப் போடுங்கள் டீச்சர். அறிக்கையில் நூறு படி எனக்கு வேண்டும், கல்லா பக்கத்தில் வைக்கிறேன். பள்ளத்தூர்க் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னால் மட்டும் நான் 'கேக்காத கிருமி' என்றுதான் ஆரம்பிப்பேன். வைரஸுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்புறம் நீங்கள் பிரித்துச் சொல்லுங்கள்.